கழுவிய கால்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் இஞ்ஞாசியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதென்று ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். தேதியைக் கேட்டதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அன்னைக்குக் காலையில குளிச்சிட்டு வரலாமா சார்?" என்பதுதான். டாக்டர் தலையைத் தூக்கி அவரை ஒருமுறை பார்த்தார். இஞ்ஞாசியைத் தெரிந்தவர்களாக இருந்தால் இதில் பார்க்க ஒன்றுமில்லை.

நிலக்கோட்டைக்குத் தெற்கே, பேருந்து நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்கிற ஊர்களில் ஒன்று அவருடையது. எண்பது சென்ட் செம்மண் நிலம். முழுக்க மல்லிகை. அவரும் மனைவி கிளாராவும் விடியுமுன் மொட்டு எடுக்க இறங்கினால் வெயில் ஏறும்போது கரையேறுவார்கள். ஒரே மகள் அனிஷா நத்தத்தில் வாக்கப்பட்டிருந்தாள். இப்படி ஒரு விவசாயியை அந்தப் பக்கத்தில் எந்த வரப்பிலும் பார்க்கலாம். பார்க்க முடியாதது அவருடைய சுத்தம். மண்வெட்டியைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டுவார். தோட்டத்து வேட்டிக்கும் நீலம் போடுவார். கைக்கு ஒரு சோப்பு, காலுக்கு ஒரு சோப்பு. பக்கத்துத் தோட்டத்து ராமர், பூ வேன் வைத்திருக்கிறவர், வேனை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போவார்: "ஏலே இஞ்ஞாசி, நீ எருமையக் கழுவுனா அது பசுமாடா எந்திரிச்சுப் போயிரும்லே!"

இவ்வளவு சுத்தமான மனிதர் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பார். அந்தப் பக்கத்தில் மல்லிகைக்குள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. சாமிக்குப் போகிற பூ. எந்தச் சாமிக்குப் போகப்போகிறோம் என்பது பூவுக்குத் தெரியாதாகையால் இந்துக்களைப்போலவே வேதக்காரர்களான கிறிஸ்தவர்களும் செருப்பை வரப்பிலேயே விட்டுவிடுவார்கள். இஞ்ஞாசி விட்டது மட்டுமல்ல, இறங்குமுன் காலையும் கழுவிக்கொள்வார். கழுவிய காலைச் சேற்றில் வைப்பதில் உள்ள முரண்பாடு அவருக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. பக்திக்கும் சேற்றுக்கும் சண்டை கிடையாது.

இரண்டாயிரத்துப் பதினான்கில், செடிகளை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்த ஒரு நாள், வேலிக்கருவை முள் ஒன்று வலது பாதத்தில் ஏறியது. கிளாரா ஊக்கால் எடுத்துப் போட்டாள். இருவரும் மறந்துபோனார்கள். வருஷம் ஒன்று கழித்து அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. வலித்திருந்தால் இஞ்ஞாசி அன்றைக்கே போயிருப்பார். வலிக்காத கட்டிக்கு டாக்டரிடம் போவது பசிக்காத வயிற்றோடு விருந்துக்குப் போவதுபோல அநாகரிகமாகப் பட்டது. கட்டி தானாக உடைந்து ஒரு கண் திறந்தது. அது மூடுவதற்குள் இன்னொன்று. சீழோடு பொடிப்பொடியாகச் சிவப்பு மணல் வந்தது.

அவர் தோட்டத்து மண்ணும் அதே சிவப்பு. ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: முள் போட்ட ஓட்டை வழியாக மண் உள்ளே போயிருக்கிறது, போனது வெளியே வருகிறது, வரட்டும். மண்ணிலிருந்து ஏதோ ஒன்று காலுக்குள் புகுந்துவிட்டது என்பது, பிறகு அவரைப் பார்த்த எல்லா டாக்டர்களும் எழுதியதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அதை அவர் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. மண்ணோடு வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அதனால் டாக்டரிடம் போகிற நாள் வீட்டில் ஒரு பூசைபோல நடக்கும். கிளாரா வெந்நீரில் கல்லுப்பும் டெட்டாலும் கலந்து ஊற்றுவாள். இஞ்ஞாசி கட்டைவிரலால் ஒவ்வொரு கண்ணையும் அழுத்தி, அழுத்தி, கடைசி மணல் வரும்வரை கழுவுவார். பிறகு வெயிலில் காய்ந்த புதுத் துணியால் கட்டு. வெள்ளை வேட்டி. நோயாளியாகப் போகிறவர் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல இறங்குவார்.

முதலில் மருந்துக்கடைக்காரர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். கால் கொஞ்சம் வற்றியது. ஐந்தாம் நாள் மாத்திரை தீர்ந்தது, பத்தாம் நாள் மறுபடி வீங்கியது. அடுத்து ஒரு டாக்டர் சீழ்க்கட்டி என்று கீறிவிட்டார். அடுத்தவர் சர்க்கரை என்றார். பார்த்தால் சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லாததில் டாக்டருக்குச் சற்று வருத்தம். அதற்கடுத்தவர் எலும்பில் காசநோயாக இருக்கலாம் என்று எட்டு மாதம் மாத்திரை விழுங்க வைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் பையிலிருந்த காகிதக் கட்டைப் பிரித்து முந்தியவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் காலைப் பார்த்தார்கள். ஒருவர் தசையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். 'நாள்பட்ட அழற்சி, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை, நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று வந்தது. கால் என்ன சொல்கிறது என்று காகிதத்தைக் கேட்டால், காகிதம் காலைக் கேட்கச் சொன்னது.

இவர்கள் யாரும் மோசமான டாக்டர்கள் இல்லை. நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர்கள். அவர்கள் முன் நீட்டப்பட்டது வெள்ளைத் துணியில் சுற்றிய, சோப்பு மணக்கிற, துளி மணல்கூட இல்லாத ஒரு கால். எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒன்று சொன்னார்கள்: "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கய்யா." ஒன்பது வருஷத்தில் அந்தக் காலுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. இஞ்ஞாசி அதைப் பதக்கம்போல வீட்டுக்குக் கொண்டுவந்து கிளாராவிடம் சொல்வார். அடுத்த முறை இன்னும் கூடுதலாகத் தேய்ப்பார்.

அந்தச் சுத்தத்தை அவர் கோவிலில் கற்றார் என்றும் சொல்லலாம். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். இஞ்ஞாசி பதினோரு வருஷம் தொடர்ந்து அந்தப் பன்னிருவரில் ஒருவர். அன்று மாலை பன்னிரண்டு வீடுகளிலும் தேங்காய் நாரும் சோப்புமாகப் பாதம் தேய்க்கிற சத்தம் கேட்கும். சாமியார் கையில் அழுக்கு ஒட்டினால் என்ன மரியாதை? ஆண்டவர் சீடர்களின் அழுக்குக் காலைக் கழுவினார். இவர்கள் கழுவிய காலைக் கழுவக் கொடுத்தார்கள். கட்டி உடைந்த வருஷம் இஞ்ஞாசி இடது காலை நீட்டினார். சாமியார் வலதுக்குக் கையை நீட்டிக்கொண்டு செத்த நேரம் காத்திருந்துவிட்டு இடதையே கழுவினார். அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். யாரும் அவரை விலக்கவில்லை. அவரே போகவில்லை.

இடையில் பக்கத்து ஊரில் ஒரு மருத்துவ முகாம். வந்திருந்த பெண் பாதத்தின் வீக்கத்தைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். படிவத்தில் காலுக்கு இரண்டே கட்டங்கள்: ஒன்று யானைக்கால், இன்னொன்று 'இல்லை'. இரண்டில் பொருத்தமானதை டிக் செய்து, ஒரு வாளி, ஒரு கப், ஒரு சோப்பு, ஒரு துண்டு கொடுத்து, "தினமும் நல்லாக் கழுவணும்யா" என்று அனுப்பினாள். இஞ்ஞாசிக்கு அன்று வந்த சந்தோஷத்தைக் கிளாரா இன்றும் சொல்லிச் சிரிப்பாள், கொஞ்சம்தான் சிரிப்பாள்.

கிளாராவுக்குத்தான் உண்மையில் அந்தக் காலைப் பற்றி எல்லோரையும்விடக் கூடுதலாகத் தெரியும். காலைக் கழுவுவது அவர். கட்டுத் துணியைத் துவைப்பது அவள். வாளியில் துணியை அலசிவிட்டுத் தண்ணீரைச் சாய்த்தால் அடியில் சிவப்பாக நிற்கும். மண் என்றால் கரைந்து கலங்கும், இது கலங்குவதில்லை. அரிசி களைகிற கை அது. கல்லுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா?

"ஏங்க, இது நம்ம தோட்டத்து மண்ணு இல்லீங்க. கரையவே மாட்டேங்குது" என்று நான்காம் வருஷத்தில் ஒருநாள் சொன்னாள்.

"பின்ன யாரு தோட்டத்து மண்ணு? ராமர் தோட்டத்துலருந்து வருதா?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அந்தாளு எட்டு வருஷம் படிச்சிட்டு உக்காந்திருக்காரு. நாம போயி வாளியில மண்ணு நிக்குதுன்னு சொல்லணுமாக்கும். போ, வெஞ்சனம் எதாச்சும் இருந்தா எடுத்து வையி."

டாக்டர் அறைக்குள் அவள் போனதில்லை. 'நோயாளி மட்டும்' என்று கதவில் எழுதியிருக்கும். எழுதாத இடத்திலும் இஞ்ஞாசி, "நீ இங்கன இரு, செருப்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்பது வருஷம் அவள் செருப்புக்குக் காவல் இருந்தாள். செருப்பு தொலையவில்லை.

கால் தொலைகிற நிலைக்கு வந்தது. பாதத்தில் ஏழு கண்கள் ஆகியிருந்தன. படம் எடுத்துப் பார்த்தபோது உள்ளே எலும்பு செல்லரித்த பனங்கட்டைபோல இருந்தது. அறுவை டாக்டர் சிவபிரகாஷ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத, அதனால் கொஞ்சம் பயமுறுத்துகிற மனிதர் அவர்.

"என்ன நோய்னு எனக்கு உறுதியாச் சொல்ல முடியல. புற்றுநோய் இல்லேன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. எலும்பு போயிட்டே இருக்கு. விட்டா மேல ஏறும். அப்புறம் தொடை வரைக்கும் எடுக்கணும். இப்பன்னா முழங்காலுக்குக் கீழ."

"செயற்கைக் கால் வச்சா ஈரப் பாத்தியில நிக்கலாமா சார்?"

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "வீட்டுல நடக்கலாம். ரோட்டுல நடக்கலாம். சேத்துல... கஷ்டம்யா."

மல்லிகைப் பாத்தியில் இரண்டு கைக்கும் வேலை. ஊன்றுகோல் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. இஞ்ஞாசிக்குக் கால் போவதென்றால் தோட்டம் போவது. ஆனாலும் அவர் தலையாட்டினார். அனிஷா போனில், "உயிர் முக்கியம்ப்பா, எடுத்துருங்க" என்று அழுதாள். அன்று வெள்ளி. அடுத்த வியாழன் குறித்தாயிற்று. அதற்கு முன் இரத்தம், நெஞ்சுப் படம், சீழ்ச் சோதனை என்று ஒரு சீட்டு.

சீழ் எடுக்கிற பரிசோதனைக் கூடம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கே வேலை பார்த்தவள் மஹ்ஜபீன். முப்பது வயதுக்குள். பேகம்பூர்க்காரி. பதில் வைத்துக்கொண்டு பேசுகிறவள். சீட்டில் அவளே கையால் எழுதியிருந்தாள்: 'இரண்டு நாள் கட்டுப் பிரிக்காமல், கழுவாமல் வரவும்.' திங்கட்கிழமை காலை இஞ்ஞாசி வந்து காலை நீட்டினார். கட்டைப் பிரித்தவள் மூக்கைச் சுளித்தாள். நாற்றத்துக்கு அல்ல. டெட்டால் மணத்துக்கு.

"ஐயா, கழுவிட்டா வந்தீங்க?"

"பின்ன? சுத்தமாத்தான் வந்திருக்கேன் பாப்பா."

"கழுவாம வாங்கன்னுதானே சீட்டுல எழுதியிருக்கு."

"எழுதியிருப்பாங்கம்மா. அதுக்காக அம்புட்டு நாத்தத்தோட ஒரு பொம்பளப்புள்ள முன்னாடி காலை நீட்டுறதா? நாலு பேரு என்ன நெனப்பாக?"

"நாலு பேர விடுங்க. நான் இதுலருந்து எதை எடுக்குறது? டெட்டாலையா? கல்ச்சர் போட்டா சோப்புதான்யா வளரும்! முன்னாடி எடுத்தப்பவும் இப்படித்தான் போனீங்களா?"

"எப்பவும் இப்படித்தான். எல்லா டாக்டரும் பாராட்டுவாக."

வாசலில் செருப்போடு நின்ற கிளாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஹ்ஜபீன் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கூடத்துக்குக் கதவு இல்லை. எனவே அதில் 'நோயாளி மட்டும்' என்று எழுதவும் இடம் இல்லை.

"என்னம்மா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல பாப்பா. அவரு பிதுக்கிப் பிதுக்கிக் கழுவுறதெல்லாம் என் வாளியிலதான் கெடக்கு. அதை எடுத்தாந்திருந்தா ஒனக்கு வேலை மிச்சம்."

"என்ன கெடக்கு?"

"செவப்பா, மணலு மாதிரி. இவுக தோட்டத்து மண்ணும்பாக. மண்ணா இருந்தா கரையணும்ல? அரிசி களைஞ்சா கல்லு நிக்கிற மாதிரி அடியில நிக்கும்."

மஹ்ஜபீன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். "எல்லாம் ஒரே அளவா இருக்குமா?"

"கசகசாவவிடப் பொடுசு. ஒரே கலரு."

"எத்தனை நாளா?"

"நாளா? ஏழெட்டு வருஷமா."

"இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"நான் எங்க உள்ள போனேன்?"

இஞ்ஞாசி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தன் காலைப் பற்றித் தனக்கு வெளியே ஒரு பேச்சு நடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மஹ்ஜபீன் படித்த காலத்தில் ஒரு வாத்தியார் அரை மணி நேரம் நடத்திய பாடம் ஒன்று உண்டு: சீழில் குருணை வந்தால் அதன் நிறத்தைப் பார், நிறத்தை எழுது, மற்றதெல்லாம் பிறகு. பரீட்சையில் இரண்டு மார்க். அதற்குப் பிறகு குருணையை அவள் கண்ணால் கண்டதில்லை. அவளுக்கு வந்த கால்கள் எல்லாம் கழுவி வந்தவை.

"ஐயா," என்றாள், இப்போது குரல் இறங்கியிருந்தது. "புதன்கிழமை காலையில வாங்க. இன்னைக்கு நான் கட்டுற கட்டப் பிரிக்கக் கூடாது. தண்ணி படக் கூடாது. பவுடர் கூடாது, மஞ்சள் கூடாது. எவ்வளவு நாறினாலும் அப்படியே வாங்க. வியாழக்கிழமை கால் போறதுக்கு முன்னாடி எனக்கு அது ஒரே ஒரு தடவை வேணும்."

இரண்டு நாள் கழுவாமல் இருப்பது மற்றவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. இஞ்ஞாசி காலை எடுக்கச் சம்மதித்தவர். இதற்குச் சம்மதிக்க முடியாமல் தவித்தார். செவ்வாய்க்கிழமை முழுக்கக் கட்டிலில் காலைத் தனியாக, தன்னுடையது இல்லைபோல, ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டு நனைந்து பழுப்பானது. ஈ வந்தது. புதன் காலை கை தானாகச் சோப்பை எடுத்தது. குழாயடிக்குப் போனால் கிளாரா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி."

"மாட்டேன்."

"ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். ரெண்டு காலோட நின்னு கேளுங்க."

ராமர் வேனை நிறுத்தி, "திண்டுக்கல்லுக்குத்தான் போறேன் அப்பு, முன்னாடி ஏறு" என்றார். இஞ்ஞாசி மறுத்துவிட்டார். பின்னால் பூ இருந்தது. பூவோடு இந்தக் காலை ஏற்ற அவருக்கு மனசில்லை. பேருந்தில் கடைசி இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் போகுமுன் முன்னிருக்கை காலியானது. ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடுவில் போய் நின்றாள். உட்கார இடம் இருந்தும் நின்றாள். கண்டக்டர் பாதி வழியிலேயே சத்தம் போட்டார்: "யாருப்பா அது கருவாடு கொண்டாந்தது? லக்கேஜ் போடணும்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். இஞ்ஞாசி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கருவாடு இல்ல தம்பி," என்றாள் கிளாரா, பேருந்து முழுக்கக் கேட்கும்படி. "என் வீட்டுக்காரரு காலு. அதுக்கும் சேத்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்கோம்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் முன்பக்கம் போனவர் திரும்பவில்லை. செம்பட்டி தாண்டும்வரை இஞ்ஞாசி தலை நிமிரவில்லை. அவர் அழுதாரா என்று கிளாரா பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கு அதுவும் ஒரு அழுக்காகிவிடும்.

மஹ்ஜபீன் கட்டைப் பிரித்தபோது துணியின் உள்பக்கம், பழுப்புக்கு நடுவில், சிவப்புச் சிவப்பாக ஒட்டியிருந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்றார் இஞ்ஞாசி. அவள் காதில் அது விழவே இல்லை. இடுக்கியால் ஒன்றை எடுத்து உப்புநீரில் போட்டாள், கரையவில்லை. கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் குனிந்தவள் வெகுநேரம் எழவில்லை. பிறகு மாடிக்கு ஓடினாள். சோதனைக்கூட டாக்டர் வந்து பார்த்தார். சிவபிரகாஷ் வந்து பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த இடத்தில் மூன்று பேர் முறை வைத்துக் குனிந்தார்கள். நெருக்கடியில் கிளாராவை யாரோ கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

"இதுக்குப் பேரு மதுரா கால்" என்றார் சிவபிரகாஷ். "மண்ணுல இருக்கிற கிருமி. முள்ளு, கீறல் வழியா உள்ள போகும். உங்களுக்கு வந்திருக்கிறது மருந்துக்குக் கேக்குற வகை. நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"மதுரான்னா... நம்ம மதுரையா?"

"ஆமாய்யா. நூத்தியெண்பது வருஷம் முன்னாடி அங்க இருந்த டாக்டர்கதான் முதல்ல எழுதிவச்சாங்க."

இஞ்ஞாசி யோசித்தார். மதுரைக்கு அவர் வீட்டு வாசலிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். "எங்கூருலருந்து ஒண்ணரை மணி நேரம்தான் சார் பஸ்ஸு."

அவர் குத்திக்காட்டவில்லை, தூரத்தைத்தான் சொன்னார். சிவபிரகாஷ் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நான் நாளைக்கு வெட்டியிருப்பேன்" என்றார்.

"நீங்க என்ன சார் பண்ணுவீக. நாந்தான் காட்டல."

"நானும் கேக்கல."

ஊசி தொடங்கியது. மூன்று வாரம் தினமும் ஊசி, இரண்டு வாரம் இடைவெளி, மறுபடி மூன்று வாரம், கூடவே மாத்திரை. ஏழு கண்களில் முதல் சுற்றில் இரண்டு மூடின. இரண்டாவதில் இன்னும் இரண்டு. முன்பு ஐந்து நாள் மாத்திரையில் கால் வற்றியதும் கிருமி மருந்துக்குக் கேட்டதனால்தான் என்று இப்போது விளங்கியது. ஐந்து நாளில் நிறுத்தாமல் ஐந்நூறு நாள் கொடுத்திருந்தால் அந்த மருந்துக்கடைக்காரரே ஜெயித்திருப்பார்.

மூன்றாவது சுற்று முடிந்த சோதனை நாளில் இஞ்ஞாசி வழக்கம்போல எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். இப்போதெல்லாம் கிளாரா உள்ளேதான் உட்காருகிறாள்.

"டிவிய அலற விடுறாரு சார்" என்றாள். "ஒரு மாசமா. காதுக்குள்ள வண்டு கத்துதுன்னு தலகாணிய வச்சுப் பொத்திக்கிட்டுப் படுக்குறாரு."

"ஏன்யா சொல்லல?" என்றார் டாக்டர், குரலை உயர்த்தி. முதல் சுற்றிலேயே அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், காதில் இரைச்சல் வந்தால் உடனே வரவேண்டுமென்று.

"காலுக்குத்தானே சார் ஊசி. காதப் போயி எதுக்கு..."

காதைச் சோதித்தார்கள். இரண்டு பக்கமும் மேல்ஸ்தாயிச் சத்தங்கள் கேட்காமல் போயிருந்தன. மருந்தின் வேலை. சிவபிரகாஷ் தாளை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வழி இருக்கு. ஊசிய இதோட நிறுத்திட்டு மாத்திரைய மட்டும் வச்சு ஓட்டலாம். ரொம்ப நாளாகும். மறுபடி கண்ணு திறந்தாலும் திறக்கும். இல்ல, இன்னும் ஒரே ஒரு சுத்து போட்டு முடிக்கலாம். காது இன்னும் கொஞ்சம் போகும். போனது வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

இஞ்ஞாசி குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க சார்" என்றாள் கிளாரா. அவள் குரல் உடைந்திருந்தது. வார்த்தை மட்டும் வழக்கம்போல வந்தது. "முப்பது வருஷமா காது நல்லாத்தான் இருந்துச்சு. என் பேச்சக் கேட்டாரா?"

டாக்டர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

"என்னா சொல்றா?" என்றார் இஞ்ஞாசி.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. டாக்டர் முதலில் கேட்டதை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். இஞ்ஞாசி இரண்டு முறை படித்தார். "கால வச்சுக்கிறேன் சார்" என்றார்.

கடைசிச் சுற்றும் முடிந்தது. பூ மார்க்கெட்டில் விலை கூவுகிறவரின் உதட்டைப் பார்த்து இப்போது அவர் விலை தெரிந்துகொள்கிறார். விடியுமுன் தோட்டத்தில் கத்துகிற குருவிகள் அவருக்கு இல்லை. பாதம் அகன்று, முண்டும் முடிச்சுமாக, இரண்டு விரல் மடங்காமல் இருக்கிறது. மாத்திரை இன்னும் ஒரு வருஷத்துக்கு உண்டு.

போன ஐப்பசியில் ஏழாவது கண்ணும் மூடி ஆறு மாதம் ஆனபோது சிவபிரகாஷ் புதுப் படத்தைப் பார்த்தார். செல்லரித்த இடங்களில் எலும்பு மங்கலாகக் கட்டத் தொடங்கியிருந்தது. அவர் இஞ்ஞாசியைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, சுவரைத் தொடாமல் இடது காலைத் தூக்கி, வலது காலில் மட்டும் நிற்கும்படி கையால் காட்டினார். பத்து எண்ணும்வரை நின்றால் போதும். அந்த எலும்பு அவரைத் தாங்குமா என்பது அதில் தெரிந்துவிடும்.

இஞ்ஞாசி இடது காலைத் தூக்கினார். ஒருமுறை ஆடினார், பிறகு நிலைத்தார். டாக்டர் அவருக்குப் பின்னால் நின்று சத்தமாக எண்ணினார். கிளாரா உதடு அசைய கூடவே எண்ணினாள். பத்து வந்தது.

"போதும்யா" என்றார் டாக்டர்.

இஞ்ஞாசிக்கு அது கேட்கவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.